தர்மராசா மாஸ்டரின் குரல்

இலங்கை மலையகத்தில், லுணுகலைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் தர்மராசாவுக்கு வாசிப்பு என்றால் குரல்தான். கணீரென்று, மூச்சு விடாமல் வாசிக்க வேண்டும். விளங்கி வாசிக்கும் பாடத்துக்கு, கேள்விக்கு முன்னே விடைகளைக் கரும்பலகையில் எழுதிவிடுவார். பிள்ளைகள் வரிசையாக ஒப்புவிப்பார்கள். ஒருமுறை அவரே கேள்விகளை வரிசை மாற்றிக் கேட்டுவிட, “விவசாயி ஏன் அழுதான்?” என்றதற்கு வகுப்பு முழுவதும் “நான்கு மாடுகள்” என்றது. அவருக்கு அதுவும் உறைக்கவில்லை. “நல்ல சத்தம்” என்றார்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை லீலாதேவிக்கு அவரைப் பார்த்தாலே முகம் சுளிக்கும். தன் வகுப்பில் அவள் விடை எழுதிப்போட்டதில்லை. “எந்த வரியில கிடக்கு? காட்டு” என்பாள். தர்மராசா சிரிப்பார்.

“என்ன பிள்ளை, கொழுந்து பறிக்கிறதுக்கு உந்தத் தோட்டத்துப் பிள்ளையளுக்கு விளங்க வேணுமோ?”

‘உமக்கே விளங்காது’ என்று நினைத்துக்கொள்வாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் ஒரு நாள், தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து இராசையா கடிதமொன்றைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வந்தான். இலங்கைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்திருந்தவன். தர்மராசா எழுந்து நின்று, கடைசி வரிவரை மேடைப் பேச்சுப்போல வாசித்தார்.

“உன்ர விண்ணப்பம் கிடைச்சிட்டுதாம். பயப்பிடாமல் போ.”

இராசையா கும்பிட்டான். அவனுடைய மகள் அங்கம்மா, லீலாதேவியின் மாணவி, கடிதத்தை வாங்கி விரல் வைத்து மெல்ல வாசித்தாள்.

“டீச்சர், ‘சமர்ப்பிக்கத் தவறின்’னா, குடுக்காட்டி தானே?”

“ஓம்.”

“அப்போ இருபதாந் தேதிக்குள்ள அப்பா இங்கன இருந்ததுக்குச் சாட்சி குடுக்காட்டி, நிராகரிப்பாங்கன்னு போட்டிருக்குங்க.”

“பெரியாக்கள் வாசிச்சாப் பிறகு உனக்கென்ன வாய்?” என்று சீறினார் தர்மராசா.

லீலாதேவி கடிதத்தைப் பார்த்தாள். “பிள்ளை சொல்றதுதான் சரி. இன்னும் நாலு நாள்தான் கிடக்கு. நாளைக்கே பதுளைக்குப் போங்கோ, இராசையா.”

அவன் மறுநாள் முதல் பஸ்ஸில் போனான். தோட்டத் துரையிடம் வாங்கிய வேலைப் பதிவுச் சீட்டையும் பழைய பிறப்புச் சான்றையும் கொடுத்தான். விண்ணப்பம் விசாரணைக்கு எடுக்கப்பட்டது. அடுத்த வாரம் தர்மராசா கடைத்தெருவில் நின்று, தான் விளக்கிச் சொன்னதால்தான் அவன் தப்பினான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். லீலாதேவி அதைக் கேட்டபடியே அவரைத் தாண்டிப் போனாள். திட்டுவதற்குக்கூட அந்த ஆள் லாயக்கில்லை என்று தோன்றியது.

ஆண்டிறுதியில் வாசிப்புப் பரிசுக்கு அங்கம்மாவின் பெயரை லீலாதேவி எழுதிக் கொடுத்தாள். தர்மராசா அதை அடித்துவிட்டார்; குரல் போதாதாம். பரிசு கணக்கப்பிள்ளையின் மகனுக்குப் போனது. பன்னிரண்டு வரியை ஒரே மூச்சில் முழங்கினான். சபை கை தட்டியது.

சபையின் கைதட்டல் ஓய்ந்ததும் லீலாதேவி எழுந்தாள்.

“தம்பி, நீ வாசிச்சது என்னத்தைப் பற்றி?”

பையன் தர்மராசாவைப் பார்த்தான்.

“அது சார் சொல்லிக் குடுக்கலீங்க, டீச்சர்.”

தர்மராசா மட்டும் இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தார்.