கை மட்டும் தெரியணும்

அப்பாவைக் கிடத்த இடம் வேண்டுமென்றால் முதலில் சோபாவை வெளியே தள்ளியாக வேண்டும். மூன்று பேர் உட்காரும் சோபா, யாரோ வாடிக்கையாளருடையது, பஞ்சு பாதி பிதுங்கிக் கிடந்தது. சின்னவள் ஒரு பக்கமும் அடுத்த வீட்டுக்காரர் மறுபக்கமுமாகத் தூக்கி, நிலைப்படியில் இடித்து, சாய்த்து, ஒருவழியாகத் தெருவில் இறக்கினார்கள். பிறகு தையல் மெஷினைச் சமையலறைக்குள் இழுத்துப் போட்டாள். கூடம் காலியானது.

அப்பா காலையில் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது என்றார் டாக்டர். கொடுத்துவைத்த சாவு என்று வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி சொன்னார்கள். சின்னவளுக்கு எரிச்சலாக வந்தது. நேற்று மத்தியானம் முக்கால் மணி நேரம் நின்றபடியே போனைப் பிடித்து அவளைப் படம் எடுத்த மனுஷன். ஸ்டூலில் உட்காருங்கள் என்று சொன்னதற்குக்கூடக் கேட்கவில்லை.

முப்பது வருஷம் தியேட்டரில் டார்ச் அடித்து ஆட்களை உட்கார வைத்தவர் அவர். அங்கே கிழிந்துபோன இருக்கைகளை வீட்டுக்குத் தூக்கி வருவார். எட்டாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்ட சின்னவள் அவற்றைப் பிரித்துப் பிரித்துத் தைத்துத்தான் குஷன் வேலை பழகினாள். இப்போது அவளுக்கு முப்பத்து நாலு வயது. அந்த வட்டாரத்தில் கார் சீட்டோ கிளினிக் பெஞ்சோ எது கிழிந்தாலும் அவளிடம்தான் வரும். ஆனால் வேலை தெரியும் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

கப்பல்களுக்கு இருக்கை செய்யும் வெளிநாட்டு கம்பெனி ஒன்று ஆள் எடுப்பதாகப் போன மாதம் ஏஜென்ட் சொன்னார். சர்டிபிகேட் இல்லாதவர்கள் வேலையை வீடியோ எடுத்து அனுப்பலாமாம். இருக்கையில் போடும் ஒரு சின்ன மெத்தை, துணி வெட்டுவதிலிருந்து உறை மூடுவது வரை. நடுவில் நிறுத்தக் கூடாது. இரண்டு கையும் கடைசிவரை படத்தை விட்டுப் போகக் கூடாது. கெடு இன்று சாயங்காலம் ஐந்து மணி. உங்களை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று அவள் இழுத்தபோது, நான் என்ன கைக்குழந்தையா என்று அப்பா சிரித்தார். ஆயிரம் படம் பார்த்தவன் நான், நானே எடுக்கிறேன் என்று சொல்லி, நேற்று எடுத்தும் கொடுத்தார்.

பதினோரு மணிக்கு பஸ்ஸிலிருந்து பெரியவன் போன் செய்தான். அண்ணன்காரன். நன்றாக அழுதான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "இனி நீ தனியா இருக்க வேணாம். காரியம் முடிஞ்சதும் எங்ககூடவே வந்துடு. மெஷினை யாருக்காச்சும் குடுத்துடலாம்" என்றான்.

அவன் நல்லவன், அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடலாம். அவன் வீட்டுப் பின் அறை அவள் கண் முன்னால் வந்தது. அண்ணி முகம் சுளிக்க மாட்டாள். பிள்ளைகள் அத்தை அத்தை என்று சுற்றி வரும். டிபன் டப்பா கட்டி, துணி மடித்து, ஒருநாள் அவளும் அங்கேயே எழுந்திருக்காமல் போவாள். நினைத்தபோதே பயமாக இருந்தது. அப்பா போன துக்கத்துக்கு நடுவில் இப்படி ஒரு பயம் வருகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

வந்தவர்களுக்கு நாற்காலி போட்டு, டீ கொடுத்து, வண்டிக்கு நாலு மணிக்குச் சொல்லி முடித்தபோது இரண்டு ஆகிவிட்டது. வீடியோவை அனுப்பிவிடலாம் என்று சமையலறைக்கு வந்து, ஒருமுறை பார்த்துக்கொள்வோம் என்று ஓட்டினாள்.

படம் முழுக்க அவள் முகம்.

தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நெற்றி, மூக்கு, பல்லில் கடித்த நூல். கத்தரி ஓடும் சத்தம் கேட்கிறது, கத்தரியைக் காணோம். ஓரிடத்தில் மட்டும் போன் கீழே இறங்கி அவள் கைகளைக் காட்டியது. தப்பு நடந்துவிட்ட மாதிரி மறு நொடியே அவசரமாக முகத்துக்கு ஏறிவிட்டது. "வேர்க்குது பாரு, தொடைச்சுக்கோ" என்று அப்பாவின் குரல். முப்பது வருஷமாகத் திரையில் முகங்களையே பார்த்த மனுஷனுக்கு, முக்கியமான ஆளை வேறு எப்படிப் படம் பிடிப்பது என்று தெரியவில்லை.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க அடக்கத் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அத்தை ஓடி வந்தாள். அப்பாவின் தங்கை, பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை, இருநூறு பிள்ளைகளை ஒரே அதட்டலில் வரிசையாக நிறுத்துகிறவள். சின்னவள் விஷயத்தைச் சொல்லிப் போனை நீட்டினாள். அத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்தாள்.

"திரும்ப எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"முக்கால் மணி. ஆனா அத்தை, அப்பா கூடத்துல..."

"கூடத்துலதான இருக்கார். நாலு மணி வரைக்கும் எங்கயும் போக மாட்டார். நீ உக்காரு."

துணியும் பஞ்சும் இருந்தன. போனை எப்படிப் பிடிப்பது, எதைப் பார்த்துப் பிடிப்பது என்று சின்னவள் இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தாள். அத்தை ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

மெஷின் ஓட ஆரம்பித்ததும் கூடத்தில் பேச்சு நின்றது. சாவு வீட்டில் என்ன பொண்ணு இவள் என்று ஒரு பெரியவர் முனகுவது இங்கே வரை கேட்டது. அத்தை போனை அசைக்காமல், தலையை மட்டும் திருப்பி, அது எங்க அண்ணன் பாதியில் விட்ட வேலை, முடித்துவிட்டு வருகிறோம் என்று குரல் கொடுத்தாள்.

முதல் மூலைக்கு வந்தாள். ஓரத்தில் வரும் பட்டை மூலையில் மடங்காமல் திரும்ப வேண்டுமென்றால், தையலுக்கு ஒரு நூல் தள்ளி மூன்று சின்ன வெட்டுக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் ஆழமாக வெட்டினாலும் போச்சு. வெட்டினாள், திருப்பினாள், உட்கார்ந்துவிட்டது. இரண்டாவது மூலையில்தான் அழுகை வந்தது, நேரம் காலம் தெரியாமல். கண்ணிலும் மூக்கிலும் ஒழுகியது. கையை எடுக்க முடியாது. அத்தை ஒரு கையால் போனைப் பிடித்தபடி, மறு கையால் முந்தானையை நீட்டி அவள் மூக்கைப் பிடித்துச் சிந்தவிட்டாள். மெஷின் நிற்கவில்லை.

மூன்றாவது மூலைக்கு வந்தபோது பெரியவன் உள்ளே நுழைந்தான். அப்பாவைப் பார்த்து அழுதுவிட்டு, தங்கையைத் தேடி வந்திருந்தான். அவளைக் கட்டிக்கொள்ள இரண்டு எட்டு வைத்தான்.

"கையை மறைக்காத. அப்படி ஓரமா நில்லு" என்றாள் அத்தை.

அவன் நின்றான். ஒன்றும் புரியாமல்தான் முதலில் நின்றான். அவள் நாலாவது மூலையைத் திருப்பினாள், ஜிப்பைத் தைத்தாள், பஞ்சை அமுக்கி உள்ளே விட்டு நான்கு முனைகளையும் விரலால் குத்தி எழுப்பினாள். அவள் வேலை செய்து அவன் முழுசாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அத்தை போனை இறக்கிவிட்டு, வலித்த தன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சின்னவள் அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணா, நான் அங்க வரல. இது கிடைச்சா வெளிநாடு போறேன். கிடைக்கலேன்னா இன்னொண்ணு பாப்பேன்."

அவன் மெத்தையைக் கையில் எடுத்தான். ஒரு மூலையைக் கட்டைவிரலால் தடவினான். மெதுவாகக் கீழே வைத்தான். குளிர் ஊரா என்று மட்டும் கேட்டான். குளிருமாம் என்றாள்.

வீடியோ பெரிசு, நெட்வொர்க் மந்தம். போகிறது போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. அதற்குள் வண்டி வந்துவிட்டது. போனைப் பையில் போட்டுக்கொண்டு அவளும் அப்பாவைப் பெட்டியோடு தூக்கினாள்.

வண்டியில் பெட்டிக்கு அந்தப் பக்கம் பெரியவனும் இந்தப் பக்கம் அவளும் உட்கார்ந்தார்கள். தெரு குண்டும் குழியுமாக இருந்தது. பெட்டி ஆடாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பெரிய சாலைக்குத் திரும்பியபோது பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது, வீடியோ போய்ச் சேர்ந்ததோ, பாதியில் நின்றதோ. மணி நாலரைகூட ஆகியிருக்காது. அவள் அசையவில்லை.

பெரியவன் பையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு எழுந்து குனிந்து, அவள் பக்கத்து விளிம்பையும் எட்டிப் பிடித்துக்கொண்டான்.

"நான் புடிச்சுக்கறேன். நீ எடுத்துப் பாரு."

அவள் கைகளை எடுத்தாள்.