தையலே இல்லாத ஆபரேஷன்

பெருங்களத்தூரில் முப்பத்தெட்டு வருடமாகத் தையல் கடை நடத்தும் கலீல், அன்றுதான் முதல் முறையாக ஒரு வாடிக்கையாளரிடம் சண்டை போட்டார்.

"பன்னிரண்டு அங்கியும் சுத்த வெள்ளைதான் டீச்சர்!"

"நாலு சந்தனக் கலர்ல இருக்கு பாய். ஈஸ்டர் அன்னைக்கு நாலு பேர் மட்டும் டீயில முக்கி எடுத்த மாதிரி நிப்பாங்க!" என்றார் சர்ச் பாடகர் குழுவை நடத்தும் தபீதாள் டீச்சர்.

கலீலின் மனைவி ஹஃபீசா எட்டிப் பார்த்தாள். "டீச்சர் சொல்றது சரிதாங்க."

கலீல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நிறம் தெரியாத டெய்லரிடம் யார் துணி கொடுப்பார்கள்?

"கண்ல புரையா இருக்கும் பாய். போன வருஷம் நானும் வெள்ளை டைல்ஸைப் போய் அழுக்குன்னு தேய்ச்சுத் தேய்ச்சுக் கை வலிச்சதுதான் மிச்சம். ஆபரேஷன் பண்ணேன், தீர்ந்துது."

"கண்ணுல கத்தியா? ஆளை விடுங்க!"

ஹஃபீசா விடவில்லை. மறுநாளே தாம்பரத்தில் ஒரு கண் மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். டாக்டர் ஜெரூஷா பரிசோதித்தாள். "ரெண்டு கண்ணுலயும் புரை சார். வலது கண்ணை முதல்ல பண்ணிடலாம்."

"எத்தனை தையல்?"

"தையலே கிடையாது."

கலீலுக்குக் கோபம் வந்துவிட்டது. "வெட்டினா தைக்கணும்மா. அதான் தொழில்!"

ஜெரூஷா சிரித்தாள். "முன்னெல்லாம் தைச்சாங்க. நாள்கணக்கா அசையாம படுக்கணும். அப்புறம் சோடாபுட்டிக் கண்ணாடி. உலகப் போர்ல பைலட்டுங்க கண்ணுக்குள்ள உடைஞ்ச விமான ஜன்னலோட பிளாஸ்டிக் துண்டு போய் மாட்டிக்கிச்சு. உள்ளயே கிடந்தும் கண்ணு அதை ஏத்துக்கிச்சேன்னு லண்டன்ல ஒரு டாக்டர் கவனிச்சார். அதுல பிறந்ததுதான் கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ். இப்ப அதை மடிச்சு, குட்டி வெட்டு வழியா விடுறோம். உள்ள போய்த் தானா விரிஞ்சுக்கும்."

"காஜாவுல பட்டனைச் சாய்ச்சு விடுற மாதிரியா?"

"அதேதான் சார்!"

"இதை முதல்லயே சொல்றதுக்கென்னம்மா!"

ஆபரேஷன் அன்று சொட்டு மருந்தில் கண் மரத்தது. கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

"அவ்ளோதானா? கையால காஜா போட எனக்கே இதைவிட நேரமாகும்!"

பத்து நாள் கழித்துக் கடை திறந்தது. தபீதாள் அங்கிகளைக் கொண்டுவந்து மேஜையில் பரப்பினார். கலீல் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"டீச்சர், நாலு இல்ல. அஞ்சு!"

தபீதாள் நெளிந்தார். "அஞ்சாவது என்னோடது பாய். நான் கீபோர்டுக்குப் பின்னாடிதானே உட்கார்றேன்? உங்க மனசு கஷ்டப்படுமேன்னு விட்டுட்டேன்."

"கண்ணு தெரியாதவன்கிட்ட மறைக்கலாம். இனிமே நடக்காது!"

அலமாரியிலிருந்து வெள்ளைத் துணியை அவரே தேடி எடுத்து உதறினார். "ஹஃபீசா, இடது கண்ணுக்கு எப்பன்னு டாக்டரம்மாவுக்கு போன் போடு. டீச்சர், இப்படி வந்து நில்லுங்க. முதல்ல உங்க அளவு."