ஒன்பதாவது மணை

"ஆன்ட்டி, அந்த ஒன்பதாவது மணை யாருக்கு?"

பட்டுப்புடவையில் வந்து நின்ற மானசா கேட்ட விதத்தில், சிவப்புத் துப்பட்டாக்களை மடித்துக்கொண்டிருந்த வத்சலாவின் கை நின்றது.

"ஜெனிஷாவுக்கு. நம்ம தமிழ்செல்வி பொண்ணு. எட்டு பேர்தானே இருக்கா, ஒம்பது வேணுமே."

கோல் மார்க்கெட்டில் தன் வீட்டு முன்னறையில் வத்சலா குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். எல்லா மதப் பண்டிகைகளும் இங்கே உண்டு என்பது அவளுடைய பெருமை. நவராத்திரி அஷ்டமியன்று ஒன்பது சிறுமிகளைத் தேவிகளாக உட்காரவைத்து, கால் கழுவி, பூரியும் அல்வாவும் கொடுப்பது டெல்லி வழக்கம். இந்த வருஷம் அதை ஏற்று நடத்துகிறவள் மானசா, வங்கி அதிகாரி. அவளுடைய மூன்று வயது மகள் அபூர்வாவும் தேவிகளில் ஒருத்தி.

"அவங்க கிறிஸ்டியனாச்சே. நம்ம பூஜையில உக்கார வெச்சா அவங்க நம்பிக்கைய அவமதிச்ச மாதிரி ஆகாதா?"

"கேட்டுட்டேன். கொழந்தை ஆசைப்படறா, உக்காரட்டும்னு அவ ஆத்துக்காரன் அருள்ராஜும் சொல்லிட்டான்."

மதம் கைகொடுக்கவில்லை. மானசா குரலைத் தாழ்த்தினாள்.

"கிறிஸ்டியனாகறதுக்கு முன்னாடி அவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியாதா? நான் காலைத் தொட்டுக் கும்பிடணும் ஆன்ட்டி. என் மாமியார் வீடியோ கால்ல பாத்துண்டிருப்பா."

வத்சலாவுக்குத் தெரியும். இங்குள்ள குழந்தைகளில் பாதிப்பேர் மானசா சொல்லி வந்தவர்கள் என்பதும் தெரியும். சமையலறையில் பூரிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த ஆயா தமிழ்செல்வியின் பக்கம் திரும்பினாள்.

"தமிழு, ஜெனிஷா உள்ளயே இருக்கட்டும். தப்பா எடுத்துக்காதே."

"நீயும் பூஜை முடியறவரைக்கும் இந்தப் பக்கம் வராதே," என்றாள் மானசா. "தேவிகளைத் தொடக் கூடாது."

தமிழ்செல்வி மாவை மூடிவைத்தாள். ஆறு வருஷமாக இந்த வீட்டுக் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டுவதும், கழுவிவிடுவதும் அவள்தான். அவள் தோளில் சாயாமல் அபூர்வா தூங்கமாட்டாள். போன கிறிஸ்துமஸுக்கு அவள் செய்த கேக்கை மானசா இரண்டு தரம் கேட்டு வாங்கித் தின்றாள்.

"மம்மி, நான் கிதர் உக்காரணும்?" என்றாள் நான்கு வயது ஜெனிஷா.

"எங்கிட்டதான்" என்று அவளைத் தூக்கிச் சமையல் மேடையில் உட்கார வைத்தாள் தமிழ்செல்வி.

ஒன்பதாவது மணையில் அபூர்வாவின் பிளாஸ்டிக் பொம்மை வைக்கப்பட்டது. அதன் மதத்தை யாரும் கேட்கவில்லை. மானசா அதற்கும் கால் கழுவி, குங்குமம் வைத்து, விழுந்து கும்பிட்டாள். போனில் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பூரி பரிமாறியபோதுதான் சிக்கல். பொம்மையைத் தவிர எந்தத் தேவியும் அமைதியாக இல்லை. ஒருத்தி துப்பட்டாவைப் பிடுங்கி எறிந்தாள். இன்னொருத்தி அல்வாவைத் தலையில் தேய்த்துக்கொண்டாள். அபூர்வா உதட்டைப் பிதுக்கினாள். மணை நனைந்தது, பிறகு நாற்றமும் எழுந்தது.

"ஐயோ! தமிழ்செல்வி, ஜல்தி வா! இவளைக் கழுவி விடு!"

தமிழ்செல்வி சமையலறை வாசல்வரை வந்தாள். அதைத் தாண்டவில்லை.

"பூஜை இன்னும் முடியலியேக்கா. தேவிய நான் எப்படித் தொடறது?"

குரலில் கோபமில்லை. மகளுக்குப் பூரியைப் பிய்த்துக் கொடுக்கத் திரும்பிப் போனாள்.

மானசாவின் முகம் சிவந்தது. "ஆன்ட்டி, பாத்தீங்களா இவ பேசறத? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க!"

வத்சலா வாளியில் தண்ணீர் பிடித்து வந்தாள். பழைய துணி ஒன்றை எடுத்தாள். இரண்டையும் மானசாவின் பட்டுப்புடவைக்கு முன்னால் வைத்தாள்.

"தமிழு சரியாத்தான் சொல்றா. நீயே பண்ணு."

போனை அணைத்துவிட்டு, கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு மானசா தரையில் உட்கார்ந்தாள். அவள் கையைத் தட்டிவிட்டு, தமிழ்செல்விதான் வேண்டும் என்று வீறிட்டு அழுதது தேவி.