ஏழு ஜோடி

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே மாப்பிள்ளையின் அம்மா சுய் ஃபங், சீனாவின் செங்து நகரத்துக்கு வந்துவிட்டாள். வடக்கே புல்வெளியில் முப்பது மாடு வைத்திருப்பவள். நாலு பேர் சேர்ந்து பேசினாலே அவளுக்குத் தலை சுற்றும். பெண்ணின் அம்மா லுவோ, சலூன் நடத்துபவள், வாய் ஓயாதவள். லுவோ "சாப்பிடுங்க" என்பதும் சுய் ஃபங் "போதுங்க" என்பதுமாக முதல் நாள் ஓடிப்போனது.

மறுநாள் மதியம் ஆற்றங்கரை டீக்கடையில் லுவோ வழக்கமாக ஆடும் மாஜோங் என்ற நாலு பேர் காய் ஆட்டத்துக்கு ஒரு ஆள் குறைந்தது.

"சம்பந்தி, உக்காருங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்களே."

"மாடு எண்ணத் தெரியுமில்ல? போதும்" என்றார் எதிரே இருந்த பூ என்ற முன்னாள் பஸ் டிரைவர். நாலாவது கை, ஹே என்ற டீக்கடைக்காரி.

லுவோ காய்களைப் பரப்பினாள். "இது வட்டம், இது மூங்கில், இது எழுத்து. ஒவ்வொண்ணும் ஒண்ணுலேருந்து ஒம்போது வரை, எல்லாத்துலயும் நாலு நாலு. கையில பதிமூணு. ஒண்ணு எடுத்து ஒண்ணு போடணும். மூணு மூணா நாலு கட்டும் ஒரு ஜோடியும் சேந்தா ஜெயிச்சீங்க. ஆனா இந்த மூணு வகையில ஏதாவது ஒண்ணு கையில இருக்கவே கூடாது, தள்ளிடணும்."

"இந்தக் குருவி படம் போட்ட காய்?"

"அதான் மூங்கில் ஒண்ணு."

"மூங்கில் எங்க?"

"அதெல்லாம் கேட்டா இருட்டிடும்!"

சுய் ஃபங் எழுத்துக் காய்களை எல்லாம் தள்ளினாள். ஆனால் மூன்று சேரவே இல்லை. இரண்டிரண்டாய் வந்தவற்றைப் பிரிக்கவும் மனசில்லை. கடைசியாக எடுத்த காய் ஒரு ஆறு வட்டம். கையிலிருந்த ஒற்றைக்கு அதுவும் ஜோடியாகிவிட, முகம் வாடிக் காய்களைச் சாய்த்தாள்.

"மன்னிச்சிடுங்க. ஒரு கட்டுகூட சேரல. எல்லாம் ஜோடியாவே நிக்குது."

லுவோ எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"ஏழு ஜோடி! ஐயோ சம்பந்தி, கட்டே இல்லாம ஏழும் ஜோடியா வந்தா அது தனி ஜெயம், பெரிய ஜெயம்!"

பக்கத்து மேஜைகள் திரும்பின. "மாடு மேய்க்கிறவங்கன்னு சொல்லி ஏமாத்திட்டீங்களே!" என்று அலறினார் பூ.

"ஆட்டம் தெரியாதுங்க. ஜோடி சேக்கத் தெரியும். இல்லன்னா இவங்க பொண்ணு எங்க வீட்டுக்கு வருமா?"

லுவோ சம்பந்தியின் தோளில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

சாயங்காலம் மணமக்கள் தேடி வந்தார்கள். "அம்மா, தையல்காரர் காத்திருக்காரு."

சுய் ஃபங் நிமிரவே இல்லை. "இருக்கட்டும்டா. நான் ஜெயிக்க ஒரே ஒரு காய்தான் பாக்கி."

"மெதுவா பேசுங்க சம்பந்தி," என்றாள் லுவோ, "பூ காதுல விழுந்தா உஷாராயிடுவாரு!"