குளத்தைத் துடைக்க வந்த மீன்

செம்மண்டலத்தில் எங்கள் தெருக்கோடிக் குளத்துக்கு அடைக்கலராஜ் சார்தான் முதலாளி. பட்டா எல்லாம் கிடையாது, வாய்தான் பட்டா. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, சோப்புத் தண்ணீரைக் குளத்தில் கொட்டிக்கொண்டிருந்த குழாய்களை வீடு வீடாகச் சண்டை போட்டு அடைக்க வைத்தார். ஆகாயத்தாமரையை வாரிப்போட்டார். தண்ணீர் நிறைந்ததும் கெண்டைக் குஞ்சும் விரால் குஞ்சும் விட்டார். கொக்கு வந்தால்கூடத் தன் வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி எங்களைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

மாசி மாதம், மீன் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க, மீன் பிடிக்கிற செல்லாயி வீச்சுவலையோடு வந்தாள். தெருவே கரையில் நின்றது. வலையில் கெண்டையும் இல்லை, விராலும் இல்லை. கறுப்பாக, முள்ளும் புள்ளியுமாக, கவசம் போட்ட ஏதோ ஜந்துக்கள்.

"இன்னா சார் இது, வலைய கிழிச்சிப்புடுச்சே!"

பக்கத்து வீட்டு சிந்துஜா போனில் பார்த்துச் சொன்னாள்: "சக்கர் மீனாம். தொட்டியில வளக்குறது. கொளத்துல வுட்டா மத்த மீனோட முட்டைய தின்னுடுமாம், கரையில பொந்து போடுமாம். யாரோ கொண்டாந்து வுட்டிருக்காங்க."

பாலிதீன் பை ஒன்று மிதந்தாலே தெருவைக் கூட்டிப் பிரசங்கம் செய்கிற அடைக்கலராஜ் சார் வாயே திறக்கவில்லை. எனக்கு அது இடித்தது.

வீட்டில் மரமே இருந்தும், கறிவேப்பிலை கேட்டு அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் இருந்த மீன் தொட்டியில் வெங்காயம் கிடந்தது.

"ஏங்க்கா, மீனெல்லாம் எங்க?"

அவர் மனைவி ஆரோக்கிய ராணிக்கு மறைக்கத் தெரியாது. "போன வருஷமே தொட்டிய காலி பண்ணிட்டோம் தமிழு. டேங்க் கிளீனர்னு ரெண்டு மீனு இருந்துச்சி, பாசிய தின்னு கண்ணாடிய பளபளன்னு வச்சிருக்கும். தொட்டிய தொடைக்கறது கொளத்தையும் தொடைக்கட்டும்னு இவுருதான் கொண்டுபோயி வுட்டாரு. ஜெபம் வேற பண்ணி!"

திரும்பினால் வாசலில் அவரே நிற்கிறார்.

"தமிழ்ச்செல்வி, தெருவுல சொல்லிடுவியாம்மா?"

"நான் எதைத்தான் சார் சொல்லாம இருந்திருக்கேன்?"

அவர் சிரிக்கவில்லை. "விசாரிச்சேன். தண்ணிய முழுசா எறைச்சி, கையால பொறுக்கினாத்தான் போவுமாம். எறைச்சா மறுபடி கொளம் நெரம்ப ஐப்பசி ஆவும். மழ ஏமாத்திடுச்சின்னா?"

"எறைக்கலன்னா?"

"தண்ணி இருக்கும். நம்ம மீனு ஒண்ணு இருக்காது."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, தெருவைக் கூட்டி அவரே சொல்லிவிட்டார். வைத்திருந்த சேதி கையைவிட்டுப் போனதில் எனக்குத்தான் நஷ்டம்.

"எங்க வூட்டு சோப்புத் தண்ணியே தேவல சார்!" என்றார், அன்று குழாயை அடைத்துக்கொண்ட சுப்பிரமணியன். எல்லாரும் சிரித்தார்கள். அடைக்கலராஜ் சார் தலையாட்டிக்கொண்டு, தண்ணீர் இறைக்கிற எஞ்சினைப் போடச் சொன்னார். தான் நிறைத்த குளம் வற்றுவதைக் கரையிலேயே உட்கார்ந்து பார்த்தார்.

தண்ணீர் வடிந்ததும் வேட்டியை மடித்துக்கட்டி முதல் ஆளாய் இறங்கினார். முள் குத்தக் குத்த, கறுப்பு மீன்களைப் பொறுக்கிச் சாக்கில் போட்டார். மத்தியானம் சேற்றுக்குள் கைவிட்டவர் அப்படியே நின்றார்.

"விரால்! தமிழ்ச்செல்வி, பக்கெட்ல நல்ல தண்ணி கொண்டாம்மா, ஓடு!"

வேடிக்கை பார்க்க வந்தவள் முழங்கால் சேற்றில் ஓடினேன். பக்கெட்டில் விழுந்த விரால் என் முகத்தில் தண்ணீரை விசிறியடித்தது.

"கண்ண தெறந்திருக்குதா பாரு" என்றார், குரல் நடுங்க.

மீன் எப்போது சார் கண்ணை மூடியது என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. "தெறந்திருக்கு சார்" என்றேன்.