செரைக்குப் போனவள்

எறும்பு என்ற பேச்சை எடுத்தாலே மணியத்தின் பெண்டாட்டி பஞ்சாலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலாயாவில், லுக்குட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் அது. அவசரகாலம் வந்த பிறகு தொழிலாளர் லயத்தைச் சுற்றிக் கம்பிவேலி, கேட்டில் போலீஸ், அரிசிக்கு அளவு. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு கைப்பிடிகூடப் போய்ச் சேரக்கூடாதாம். வேலிக்கு வெளியே அரிசியோடு பிடிபட்டால் ஜெயில்தான். அப்படி அளந்து வாங்கி வந்த அரிசி, வாரம் முடியும் முன்னே பானையில் அடி தட்டியது. என்ன ஆச்சு என்று கேட்டால், புருஷன் மணியம் முகத்தைக்கூடத் திருப்பாமல் சொல்வான்.

"எறும்பு தின்னிருக்கும் புள்ள."

எறும்பும் இல்லாமல் இல்லை. அடுக்களைக்குப் பின்னால் பயற்றங்காய்ப் பாத்தி போட்டிருந்தாள். கொடி முழுக்கச் சுள்ளெறும்பு. காய் பறிக்கப் போனால் கை வீங்கித் திரும்பும். அங்கிருந்து வரிசை கட்டி வாசற்படி ஏறி, யாரோ விருந்துக்கு அழைத்த மாதிரி நேரே அடுக்களைக்கு வரும். பஞ்சாலை பாத்தியோரம் துளசி வைத்தாள். கற்பூரவள்ளி வைத்தாள். புதினாவைக் கசக்கிப் படியெல்லாம் தேய்த்தாள். வீடே மணத்தது, அரிசி மட்டும் குறைந்தது. கடைசியில் பானையைத் தண்ணீர்த் தட்டுக்கு நடுவில் தூக்கி வைத்தாள். அதற்கும் மணியம் அசரவில்லை.

"நீந்திப் போயிருக்கும்."

"நீந்திப் போய் அரிசியத் தூக்கிட்டு நீந்தி வருதா? யோவ், அது எறும்பா, கப்பலாய்யா?"

அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பால்மரம் வெட்டப் போய்விட்டான். பேசாத மனிதனோடு எப்படித்தான் சண்டை போடுவது? பஞ்சாலை அந்தக் கோபத்தையும் எறும்பின் மேலேயே காட்டினாள்.

கேட்டுப் போலீஸ்காரர் ஹசானிடம் அவள் புலம்பியபோது அவர் சிரித்தார். "செமுட்? தானாம் செரைலா!" எறும்புக்குச் செரை நடு என்கிறார். ரசத்துக்கும் கறிக்கும் தட்டிப் போடுகிற அந்த வாசனைப் புல்லைத் தோட்டத்துத் தமிழர்களும் மலாய்ப் பேரிலேயே செரை என்றுதான் சொல்வார்கள். ஹசானின் அம்மா வீட்டு வேலியோரம் அது புதர் புதராகக் கிடக்கிறதாம். மலாய்க்காரர் கிராமமான அந்தக் கம்பத்துப் பக்கம் போகிற போலீஸ் லாரியில் ஏறிப் போய் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிற்பகல் லாரி கிளம்பும்போது பஞ்சாலை பக்கத்து வீட்டுத் தாயம்மாவிடம் கத்திவிட்டுத்தான் ஏறினாள்.

"அக்கா, அவரு வந்தா செரைக்குப் போயிருக்கேன்னு சொல்லிடுங்க!"

தாயம்மா அப்படியேதான் சொன்னாள். ஒரு எழுத்துக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. "பஞ்சாலையா? போலீஸ் லாரில ஏறிச் செரைக்குப் போயிருக்கா." லயத்தில் யாரும் சிறை என்று சொல்வதில்லை, ஜெயில் என்றுதான் சொல்வார்கள். மணியத்துக்கும் அது தெரியும். ஆனால் மடியில் கனமுள்ளவன் காதில் எதுதான் சரியாக விழும்?

செரைக் கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஞ்சாலை லாரியை விட்டு இறங்கியபோது, கேட்டில் மணியம் மண்டியிட்டு, ஹசானின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

"அவள விட்ருங்கய்யா! அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அரிசிய எடுத்தது நாந்தான். சைக்கிள் குழாய்க்குள்ள வச்சுக் கொண்டு போனது நாந்தான்!"

அப்படியானால் ஒரு எறும்புகூட அந்த அரிசியைத் தின்னவில்லை. நல்லவேளை, ஹசானுக்குத் தமிழ் தெரியாது. கெட்டவேளை, இவன் என்ன சொல்கிறான் என்று கேட்கத் தோட்டத்து எழுத்தர் கிராணியை அழைத்துவர ஆள் போயிருந்தது. அதோ, கிராணி குடையை ஆட்டிக்கொண்டு வந்துகொண்டிருக்கிறார்.

அவள் ஒரே எட்டில் போய்ச் செரைக் கட்டாலேயே மணியத்தின் முதுகில் ஒன்று வைத்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். வாய் திறந்தபடியே நின்றது.

"பெராஸ், செமுட் மாக்கான், தூவான்," என்றாள் ஹசானிடம். அரிசியை எறும்பு தின்றுவிட்டது. தான் திட்டிய திட்டில்தான் இவர் அழுகிறார் என்று தெரிந்த மலாயில் சொல்லி, செரைக் கட்டைத் தூக்கிக் காட்டினாள். ஹசான் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

கிராணி சிரிக்கவில்லை. "நீ சும்மா இரும்மா. டேய் மணியம், நீ சொல்லு. அரிசி என்னாச்சு?"

இத்தனை நாள் எந்தப் பொய்யைக் கேட்டுப் பஞ்சாலை எரிந்து விழுந்தாளோ, அதையே இன்னொரு தரம் சொல்லித் தொலைக்க மாட்டானா என்று கும்பிடாத குறையாக நின்றாள்.

"எறும்புங்கய்யா," என்றான் மணியம். "எல்லாத்தையும் எறும்பு தின்னிருச்சுங்க."

கிராணி சலித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

வீட்டுக்குப் பின்னால் வந்ததும் அவள் அவன் சட்டையைப் பிடித்தாள். "யாருக்குய்யா?"

"அர்ச்சுனனுக்கு."

அர்ச்சுனன் அவன் தம்பி. தொழிற்சங்கத்துப் பையன்களைப் பிடித்த சமயத்தில் காட்டுக்குள் ஓடியவன். ஓடும் வரை பஞ்சாலை கையால்தான் சாப்பிட்டான்.

"பசிக்குதுன்னு ஆள் விட்டுச் சொன்னான். நான் என்ன பண்ணுவேன் புள்ள?"

"எங்கிட்ட சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? நான் பாட்டுக்கு எறும்போட மல்லுக்கட்டிக்கிட்டு நிக்கிறேன்!"

இனிமேல் ஒரு மணி அரிசிகூட இந்த வீட்டை விட்டுப் போகக்கூடாது என்றாள். அவன் தலையாட்டினான். அவள் கம்பால் குழி போட, அவன் பாத்தியைச் சுற்றிச் செரைத் தூரை ஒவ்வொன்றாக நட்டான். மண்ணை அமுக்கிக்கொண்டே மெதுவாகக் கேட்டான்.

"இத வச்சா எறும்பு வராதா?"

"வராது," என்று எரிந்து விழுந்தாள்.

சொல்லி முடித்த பிறகுதான் அர்ச்சுனனின் முகம் நினைவுக்கு வந்தது. நட்டதில் ஒன்று கோணலாக இருக்கிறதென்று மணியத்தைத் திட்டிக்கொண்டே அழுதாள்.