ருவைஸிலிருந்து ஒரு வெண்டைத் தோட்டம்

கார்மேகத்துக்கு வளைகுடாவில், ருவைஸ் எண்ணெய் ஆலையில் சாரம் கட்டும் வேலை. அங்கே பெர்மிட் இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடத் திருக முடியாது. ஆபீசர் கையெழுத்துப் போட்டால்தான் ஏணியில் கால் வைக்கலாம். வருஷக்கணக்கில் இதைப் பார்த்துப் பார்த்து, உலகம் உருப்படாமல் போனதற்கே பெர்மிட் இல்லாததுதான் காரணம் என்று முடிவுகட்டிவிட்டான் மனுஷன்.

ஒட்டன்சத்திரம் பக்கம் அவனுக்கு ஒன்றரை ஏக்கர். வெண்டை போட்டிருக்கிறது. போட்டவள் அவன் மனைவி நாகவள்ளி. தண்ணீர் பாய்ச்சுவதோ, மருந்தடிப்பதோ, காய் ஏற்றுவதோ, எதுவானாலும் முதலில் வாட்ஸப்பில் போட்டோ வர வேண்டும், தான் ஓகே போட்ட பிறகே கை வைக்க வேண்டும் என்று போன லீவில் சட்டம் போட்டுவிட்டு வந்தான். "சரிங்க" என்றாள். அத்தனை சுலபமாக அவள் சரி சொன்னது கல்யாணமாகி அதுதான் முதல் தடவை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆம்பளைக்கு அதெல்லாம் எங்கே தோன்றும்.

தோட்டம் காய்த்துக் கொட்டியது. கேம்ப் ரூமில் இவன் பேச்சு தாங்கவில்லை. "எல்லாம் மேனேஜ்மெண்ட்டுடா. கடல் தாண்டி உக்காந்து நடத்துறேன் பாரு." வேலையை விட்டுவிட்டு ஊரில் முழுநேர முதலாளியாகிவிடுவதென்று தீர்மானம். ஃபோர்மேன் காதிலும் போட்டுவிட்டான். திங்கட்கிழமை ராஜினாமா எழுதிக் கொடுத்தால் கலாஸ், எல்லாம் முடிந்தது, விசா கேன்சல்.

சனிக்கிழமை சாயங்காலம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ரூம்மேட் பாண்டித்துரை, நிமிராமலே கேட்டான்.

"ஏண்ணே, நாம பஸ் ஏறும்போதே ஊர்ல விடிஞ்சிருது. பிளாண்ட் கேட்டுல போனை லாக்கர்ல போட்டா, சாயங்காலந்தான் எடுக்குறோம். அதுவரைக்கும் வெண்டைக்கா உங்க ஓகேக்காக முத்தாம காத்திருக்குமா?"

கார்மேகம் அவனைத் திரும்பிப் பார்த்தான்.

"சும்மா கேட்டேன். உங்க காய் ஒழுக்கமான காயா இருக்கும்."

மறுநாள் ஞாயிறு லீவு. விடிந்ததும் வீடியோ காலில் கூப்பிட்டான். தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மூட்டைகள் டெம்போவில் ஏறிக்கொண்டிருந்தன. இவன் இன்னும் எதற்கும் ஓகே போடவில்லை.

"யாரக் கேட்டு ஏத்துற?"

"உங்களத்தாங்க. போட்டோ போட்டிருக்கேனே, பாருங்க. மத்த நாள்ல நீங்க டூட்டி முடிஞ்சு வந்து ஓகே போடுவீங்க. அதுக்குள்ள சரக்கு சந்தையில வித்திருக்கும்."

"எல்லா நாளுமா?"

"பின்ன? முத்தவிட்டு விதைக்கா வைக்கச் சொல்றீங்க?"

அவளுக்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கமும் வெண்டை தெரிந்தது.

"அது வடிவு அக்கா நெலமில்ல?"

"குத்தகைக்குப் பிடிச்சிட்டேன். அதுக்கும் போட்டோ போட்டேன். கட்டைவிரலத் தூக்கிக் காட்டுனீங்க."

தேடிப் பார்த்தான். காட்டியிருந்தான். தூக்கக் கலக்கத்தில் காட்டியிருப்பான்.

கோபப்படலாமா என்று பார்த்தான். காய் பிஞ்சும் பசுமையுமாக அருமையாக இருந்தது. அதுதான் இடைஞ்சல். அவன் இல்லாமலே ஒன்றரை ஏக்கர் மூன்று ஏக்கராகியிருக்கிறது. நாளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஊரில் போய் இறங்கினால், அங்கே அவனுக்கு இடம் இருக்கிறதா?

"அப்ப நான் வந்து என்னதான் பண்றது வள்ளி?"

அவள் டெம்போக்காரனுக்குக் கையைக் காட்டி அனுப்பிவிட்டு வந்தாள்.

"கருக்கல்ல எந்திரிச்சுப் பழகுன ஆளு நீங்க. இங்க காய் பறிக்க ஆள் கெடைக்கல. வர்றீங்களா?"

"முதலாளியாத்தானே?"

"வெண்டை உடம்பெல்லாம் அரிக்கும். முழுக்கை சட்டை போட்டுக்கங்க. முதலாளியாவும் இருந்துக்கங்க, வேண்டாங்கல. அத மத்தியானம் சாப்பிட்டுட்டு வச்சுக்கலாம்."

போனை வைத்துவிட்டுக் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தான். அவள் கூப்பிட்டது அவனுக்குப் பிடித்திருந்தது. எதற்குக் கூப்பிட்டாள் என்பதுதான் கொஞ்சம் அரித்தது.

"என்னண்ணே, போறீங்களா, இருக்கீங்களா?" என்றான் பாண்டித்துரை.

"போறேன். வேலை கெடச்சிருச்சு."

"நல்ல எடந்தானா? கஃபீல் யாரு?" விசா கொடுக்கும் முதலாளியை விசாரிக்கிற அதே முகத்தோடு கேட்டான்.

"ரொம்பக் கறாரான ஆளு" என்று சொல்லிவிட்டு, கார்மேகம் ராஜினாமா எழுதப் பேனாவைத் தேடினான்.